சேர்ந்த தேதி

சித்தியின் திரைச்சீலைக் கடைக்கு மதியம் மூன்று மணிக்கு ஒரு நிறம் வரும். மேற்குச் சன்னலில் மாதிரிக்காக எந்தத் துணி தொங்குகிறதோ அதுதான் அன்றைய நிறம். நீலம் தொங்கினால், நாங்கள் எல்லோரும் குளத்துக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்வதுபோல் இருப்போம். அப்படி ஒரு நீல மதியத்தில்தான் நூலக்கா மெஷினை நிறுத்திவிட்டு, தனக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்.

பல்லிடுக்கில் எப்போதும் ஒரு நூல் துண்டு இருப்பதால் அவர் நூலக்கா. பதினொரு வருடமாகக் கடையில் ஓரம் மடிப்பது, கொசுவம் வைப்பது, வளையம் கோப்பது எல்லாம் அவர் கைதான். தம்பி வீட்டில் ஓர் அறையில் இருந்தார். தம்பி மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அந்த அறை இனி அவருக்கு இல்லை. வாடகைக் குடியிருப்பு ஒன்றில் ஓர் அறை கேட்டிருந்தார். எங்கே வேலை, எத்தனை வருடமாக என்று முதலாளி கடிதம் தர வேண்டுமாம். தொழிலாளர் அலுவலகத்தின் பதிவு எண்ணும் அதில் இருக்க வேண்டுமாம்.

அந்த எண் அவரிடம் இல்லை. எந்தத் தாளிலும் அவர் இல்லை. தாளில் எங்கள் கடைக்கு ஒரே ஆள், வீடு வீடாகப் போய்த் திரை மாட்டும் ஏணி அண்ணன். அவர் எங்காவது விழுந்து வைத்தால் என்ன செய்வது என்ற பயத்தில் சித்தி அவரை மட்டும் பதிந்து வைத்திருந்தார். நான் சொந்தக்காரப் பெண், கூடமாட உதவி. அதிகாரி யாராவது வந்தால் நூலக்கா மாதிரித் துணிகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். ஒருமுறை, ஏனென்று தெரியாமலே, நானும் கூடப் போய் நின்றேன். பச்சைத் துணி. அவர் முகம் வாழையிலையின் அடிப்பக்கம் மாதிரி வெளிறியிருந்தது. கண்ணை மூடி, நின்றபடியே சற்றுத் தூங்கினார்.

வாரத்தில் மூன்று நாள் மாலை நான் சம்பளக் கணக்கு வகுப்புக்குப் போகிறேன். அதனால் நூலக்காவைப் பதிந்தால் எவ்வளவு ஆகும் என்று சித்தி என்னைக் கணக்குப் போடச் சொன்னார். மூன்று முறை போட்டேன். முதல் விடையை நான் நம்புவதில்லை. சம்பளத்தில் ஒவ்வொரு பத்து ரூபாய்க்கும் மேலே மூன்று ரூபாய் போகும்: சேமநிதி, காப்பீடு, விடுப்புச் சம்பளம். எதிர்த்தெருக் கடைக்காரர் ஒரு சன்னலுக்கு எங்கள் விலையில் முக்கால்தான் வாங்குகிறார், அங்கே தைக்கிறவர்கள் ஒருத்தர்கூடத் தாளில் கிடையாது, வருகிறவர்கள் எல்லோரும் பேசுவது நியாயம், கேட்பது அவர் விலை என்று சித்தி சொல்லிக்கொண்டே போனார்.

“சட்டப்படி நடத்தணும்னா, கடையை சட்டத்துக்கே எழுதிக் குடுத்துட்டு நான் அங்க வேலைக்குச் சேர்ந்துடலாம். எனக்காவது மாசம் பொறந்தா சம்பளம் வரும்.”

அது வெறும் பேச்சில்லை. சில மாதங்கள் சித்தி தனக்கென்று ஒரு காசும் எடுக்க மாட்டார். அது எனக்குத் தெரியும்.

இருந்தும் ஒத்துக்கொண்டார். அப்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பழைய வருடங்களைக் காட்டினால் பாக்கி, வட்டி, அபராதம் எல்லாம் வரும், இன்றிலிருந்து போட்டால் சுலபம் என்று சொன்னேன். புதிதாகச் சேர்ந்தவருக்குப் படிவம் நிரப்ப வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். பதினொரு வருடம் முன்னால் சேர்ந்தவருக்கு எப்படி என்று நானும் கேட்டதில்லை. அன்றைய தேதியைக் கட்டங்களுக்குள் அழகாக எழுதினேன். நான்கு நாளில் எண் வந்தது. கடிதத்தையும் நானே எழுத, சித்தி கையெழுத்துப் போட்டார்.

நூலக்கா நின்றுகொண்டே படித்தார். “எழுத்து முத்து முத்தா இருக்கு,” என்றார். நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். குடியிருப்பில், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் இரண்டு வருடம் பொறுத்துத்தான் விண்ணப்பிக்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இதை ஏணி அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

மறுநாள் நூலக்கா வழக்கமான எட்டு மணிக்கு வரவில்லை. ஒன்பதுக்கு வந்து, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

“உள்ள வரலாமா, மேடம்?”

இத்தனை வருடமும் சித்தியை அக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். சித்தி சிரித்தார். நூலக்கா சிரிக்கவில்லை. எங்கே உட்கார வேண்டும் என்று கேட்டார். கத்தரி எங்கே இருக்கும் என்று கேட்டார். கொசுவம் வைக்கத் தெரியுமா என்பதுபோல் சித்தி ஒரு துணியை நீட்ட, அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பழகிக்கிறேன் மேடம். நான் சேர்ந்தே அஞ்சு நாள்தான் ஆகுது.”

விடுதி ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்துக்கு இருபத்திரண்டு சன்னல், வெள்ளைத் துணி, பத்து நாள் கெடு. நாளுக்கு ஐந்து திரை தைக்கிறவர் அன்று ஒன்று தைத்தார். அதையும் பாதியில் பிரித்தார். பாபினில் நூல் சுற்றுவது எப்படி என்று என்னிடம் கேட்டார், “நீங்க” என்றார். நான் காட்டிக் கொடுத்தேன். காட்டும்போதுதான் கவனித்தேன், என் வாயில் வருவதெல்லாம் அவர் எனக்குச் சொல்லித் தந்த வார்த்தைகள். அவர் முதன்முறை கேட்பவர்போல் தலையாட்டினார். ஒரு மணிக்குச் சாப்பிட எழுந்தார், இரண்டுக்குத் திரும்பினார், ஆறுக்குப் பையை எடுத்துக்கொண்டார்.

“புதுப் பொண்ணு அடக்க ஒடுக்கமா இருக்கு. எங்கேருந்து பிடிச்சீங்க?” என்று ஏணி அண்ணன் கேட்டு, சித்தியின் பார்வை பட்டதும் வேனைத் துடைக்கப் போய்விட்டார்.

கோபம் என்றால் எங்களுக்குப் புரிந்திருக்கும். அவரிடம் கோபமே தெரியவில்லை. மூன்றாம் நாள் வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் கடை முழுக்கப் பனி இறங்கியதுபோல் இருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் மெல்ல, ஒவ்வொரு குண்டூசியாகக் குத்துவதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, இவர் உண்மையாகவே புதியவரோ என்று எனக்குத் தோன்றியது. பள்ளிச் சீருடையில் நான் இந்தக் கடைக்கு வந்த நாட்களில் அந்த மெஷினில் வேறு யாரோ இருந்தார்களோ? வீட்டுக்குப் போய் என் நாட்குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். மழை, வகுப்பு, பஸ் தாமதம் எல்லாம் தேதியோடு இருந்தன. நூலக்காவை ஒரு பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை. தினமும் இருக்கிறவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நினைத்திருப்பேன்.

நான்காம் நாள் சித்தியே மெஷினில் உட்கார்ந்தார். அவர் மடித்த ஓரம் ஆற்றோரப் பாதை மாதிரி வளைந்து வளைந்து போனது. விடுதிக்காரர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். சித்தி தையலைப் பிரித்துக்கொண்டே, தலை நிமிராமல் நூலக்காவிடம் கேட்டார்.

“நீ எப்பதான் கத்துக்கப் போறே?”

“எனக்கு வேலை தெரிய ஆரம்பிச்ச நாள்னு ஒண்ணு இருக்கணும் இல்லையா? அது எந்த நாள்னு நீங்க எழுதிக் குடுத்தா, அதுலேருந்து தெரியும்.”

“உன்னை நான் ஏமாத்திட்டேங்கிறியா? ஒரு மாசமாவது சம்பளம் இல்லேன்னு சொல்லியிருக்கேனா?”

நூலக்கா வாயிலிருந்த நூலை எடுத்தார். “இல்லக்கா. கையில குடுத்தீங்க, நானும் வாங்கிக்கிட்டேன். பிடித்தம் இல்லாம முழுசா வருதேன்னு எனக்கும் அப்ப சந்தோஷம்தான். ஆனா பதினொரு வருஷம் நான் உங்ககிட்ட குடுத்தேனே, அதை எங்க வெச்சீங்க?”

சுலபமான தேதியைச் சொன்னது நான்தான் என்று நான் சொன்னேன். அது அவ்வளவு முக்கியமாக யார் காதிலும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

பிறகு சித்தி பழைய வருடங்களுக்கும் சேர்த்துக் கணக்குப் போடச் சொன்னார். மாலை வகுப்பில் ஆசிரியரிடம் காட்டிச் சரிபார்த்தேன். தாமாகவே முன்வந்து சொன்னால் அபராதம் குறையும், பாக்கியைத் தவணையில் கட்டலாம் என்றார். முதல் தவணைக்கு மட்டும் வேனை விற்க வேண்டியிருக்கும். சித்தி அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேனுக்கு நாலு டயர் மாத்தணும்னு இருந்தேன்,” என்றார் கடைசியில். “அந்தச் செலவு மிச்சம்.”

விடுதிக்காரரையும் அவரே அழைத்து, சன்னலுக்கு இனி இன்ன விலை, கெடுவும் ஒரு வாரம் தள்ளும் என்றார். அந்தப் பக்கம் ஏதோ நீளமாகப் பேசினார்கள். இருபத்திரண்டில் பன்னிரண்டு எங்களுக்கு, மீதி எதிர்த்தெருவுக்கு என்று முடிந்தது. அந்தப் பத்தையும் தைக்கப்போவது யாரோ ஒரு நூலக்காதான் என்று எனக்குத் தோன்றியது; சொல்லவில்லை.

திங்கட்கிழமை மூன்று பேரும் தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த எழுத்தர் படிவத்தைப் பார்த்துவிட்டு, வருடம் மட்டும் போட்டால் போதாது, மாதமும் நாளும் வேண்டும் என்றார். சித்தி என்னைப் பார்த்தார். நான் நூலக்காவைப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை. நாளையும் மாதத்தையும் சொன்னார்.

சித்தி தயங்கினார். தனக்கு ஞாபகம் இருப்பது அந்த மாதக் கடைசி வாரம் என்றார்.

“அது நீங்க சம்பளம் பேசின நாள். அதுக்கு முன்னாடி, தைக்கத் தெரியுதான்னு பார்க்கறேன்னு நாலு நாள் சும்மா வரச் சொன்னீங்க. வந்தேன்.”

சம்பளம் இல்லாத நாளைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது முதலாளி இஷ்டம், சேர்த்தால் அந்த நாலு நாளுக்கும் பணம் கட்ட வேண்டும் என்று எழுத்தர் சொன்னார். எங்களுக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. யாரோ செருமினார்கள். சித்தி கைப்பையைத் திறந்தார், மூடினார், நூலக்காவின் முகத்தைப் பார்த்தார்.

“அவ சொல்ற தேதியையே போடு,” என்றார் என்னிடம்.

எழுதினேன். சரிதானா என்று மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். எழுத்தர் தன் கணினியில் அந்த நாளைத் தேடி, அது ஒரு வியாழக்கிழமை என்றார்.

“ஆமா,” என்றார் நூலக்கா. “வியாழக்கிழமைதான்.”