மில்லியின் சனிக்கிழமை

அவனை நண்பர்கள் எல்லோரும் மில்லி என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டட வரைபடம் போடுகிற ஆபீசில் வேலை. அங்கே மில்லிமீட்டர், வீட்டில் மில்லிலிட்டர். வாரம் முழுக்கக் குடியைப் பற்றி மூச்சுவிட மாட்டான். சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி அடித்தால் போதும், சமையலறை அவன் கைக்குப் போய்விடும். ரம், எலுமிச்சை, சர்க்கரை, புதினா, சோடா. இருமல் மருந்து பாட்டிலின் மூடிதான் அளவு. ஒரே ஒரு கோப்பை. அதற்கு மேல் ஒரு சொட்டு தொடமாட்டான்.

"ஒரு கோப்பைக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?" என்று மனைவி கேட்டால், "கண்ணை மூடிக்கிட்டு ஊத்தறவன் குடிகாரன், அளந்து கலக்கறவன் கலைஞன்" என்பான். செய்முறையைக் கட்டம் போட்டு எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியும் வைத்திருந்தான். தலைப்பு: 'புதிதாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு'. அந்த வீட்டில் கற்றுக்கொள்ள யாரும் இல்லை. மனைவிக்கு வாடையே ஆகாது. அம்மா அந்த நேரத்தில் தன் அறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

அவன் இறந்த பிறகு வந்த மூன்றாவது சனிக்கிழமை அது. மனைவி படுக்கையறையில் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். சமையலறையில் 'கறக்' என்று ஒரு சத்தம். ஐஸ் தட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் வருமே, அதே சத்தம். பிறகு கண்ணாடியில் கட்டிகள் விழும் சத்தம். ஒன்று, இரண்டு, மூன்று.

எக்ஸ்ரே எடுப்பது அவள் தொழில். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க" என்று ஒரு நாளைக்கு ஐம்பது பேரிடம் சொல்பவள். இப்போது தானே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. ஃபிரிட்ஜ் மூடியே இருந்தது. மேடைமேல் மட்டும், கோப்பை வைத்து எடுத்தது போல, வட்டமாக ஓர் ஈரத் தடம். தொட்டாள். விரல் சில்லிட்டது. பக்கத்து அறையில் அத்தை இருக்கிறாள், பிள்ளையைப் பறிகொடுத்தவள், பார்த்தால் தாங்கமாட்டாள் என்று அவசரமாகத் துடைத்தாள்.

அதற்கடுத்த சனிக்கிழமையும் அதேதான். அதற்கடுத்ததும். மனப்பிராந்தி என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மனப்பிராந்திக்கு ஈரம் உண்டா? யாரிடம் சொல்வது? அத்தைக்கும் அவளுக்கும் இடையில் பேச்சே சுருங்கிவிட்டது. "சாப்பிட்டியா?" "ஆச்சு." "கதவு பூட்டியாச்சா?" "ஆச்சு." பயம் ஒரு பக்கம் இருக்க, சனிக்கிழமை மதியமே அவளுக்கு இருப்புக் கொள்ளாது. ஆறு மணிக்கு முன்னால் வீட்டில் இருந்தாக வேண்டும். துடைக்க வேண்டுமே.

பதினோராவது வாரம் எக்ஸ்ரே மெஷின் மக்கர் பண்ணியது. மெக்கானிக் வந்து சரிசெய்து முடிக்கிறவரை இருக்க வேண்டியதாயிற்று. அவள் ஓட்டமும் நடையுமாக வீடு வந்தபோது மணி ஆறு இருபது.

அத்தை சமையலறையில் நின்றிருந்தாள். புடவைத் தலைப்பால் மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை துடைக்கறீங்க?"

அத்தை திருட்டு முழி முழித்தாள். "ஒண்ணுமில்ல. தண்ணி சிந்திடுச்சு."

"வட்டமாவா சிந்துச்சு?"

அத்தையின் கை அப்படியே நின்றது. கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருஷம் உதவியாளராக இருந்தவள். அமிலப் பாட்டிலைத் தூக்கும்போது நடுங்காத கை. இப்போது ஈரத் தலைப்பை இறுகப் பிடித்திருந்தது.

"உனக்கும் கேக்குதா?"

"மூணாவது வாரத்துலேருந்து."

"எனக்கு ரெண்டாவது வாரத்துலேருந்தும்மா. அப்ப நீ ஆஸ்பத்திரிப் பேப்பரெல்லாம் வாங்கப் போயிருந்த. நீ பயந்துடுவன்னு நான் சொல்லல."

"நீங்க தாங்க மாட்டீங்கன்னு நானும் சொல்லல."

இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவள் அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"அன்னிக்கு ஐஸ் எங்கேன்னு கேட்டார் அத்தை. எல்லாம் உங்க முட்டி ஒத்தடத்துக்குப் போயிடுச்சுன்னேன். இப்ப என்ன பண்றதுன்னார். எனக்கு எரிச்சல். வேணும்னா கடைக்குப் போய் வாங்கிட்டு வாங்க, ஒரு நாள் ஐஸ் இல்லன்னா குடியா முழுகிடும்னு கேட்டேன்." அவள் நிறுத்தினாள். "முழுகிடுச்சு."

அவன் ஐஸ் வாங்கித் திரும்பும்போது தெரு முனையில் ஒரு லாரி ரிவர்ஸில் வந்தது. ஓட்டுநர் பார்க்கவில்லை. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது ஐஸ் பை கிழிந்து, கட்டிகள் தார் ரோட்டில் கரைந்துகொண்டிருந்தன. ஒரு கட்டி அவன் உள்ளங்கையில் இருந்தது.

 அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு அன்னிக்கு முட்டி வலிக்கலம்மா."

"என்ன சொல்றீங்க?"

"நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னு சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. அவன் புதினாவை வச்சு ஏதோ கிண்டல் பண்றான், நீ சிரிக்கற. எனக்கு ரூமுக்குள்ள தனியா ஒரு மாதிரி இருந்துச்சு. யாராவது கொஞ்சம் பக்கத்துல வந்து உக்காந்தா தேவலைன்னு தோணுச்சு. அதான் ஐஸ் ஒத்தடம் குடுன்னு கூப்பிட்டேன். நீ தட்டோட கொண்டு வந்துட்ட."

அவளுக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வடிந்தும் போனது. அதைப் பதினோரு வாரம் மனதுக்குள்ளேயே சுமந்தவளின் முகத்தைப் பார்த்தபிறகு என்ன சொல்வது? அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு அன்னிக்கு அந்த ஒரு கோப்பை கிடைக்காமலே போச்சு" என்றாள் அத்தை. "கேட்டுக்கிட்டே இருக்கான். கலந்து வச்சுடுவோம்."

"நமக்குத் தெரியாதே அத்தை."

"அதான் எழுதி ஒட்டியிருக்கானே. நம்மள மாதிரி ஆளுக்குத்தான்."

அலமாரிக் கதவைத் திறந்தார்கள். ரம் பாட்டிலில் பாதி மிச்சமிருந்தது. புதினாவும் எலுமிச்சையும் சோடாவும் அவள் கடையிலிருந்து வாங்கி வந்தாள். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தாள்: "புதினா எட்டு இலை. நசுக்காதே, கசக்கும். உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டு." அவள் தட்டினாள். வாசனை எழுந்தது. எலுமிச்சை பாதி, சர்க்கரை இரண்டு ஸ்பூன், கரையும் வரை கலக்கு. ரம் நான்கு மூடி. அத்தை குனிந்து, மூடியைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, கோடு பார்த்து ஊற்றினாள். "இந்தப் புத்தி அவனுக்கு எங்கேருந்து வந்துச்சுன்னு நினைக்கற?" என்றபோது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அடுத்தது ஐஸ்.

அவள் ஃப்ரீசரைத் திறந்தாள். தட்டு நிறைய ஐஸ். பன்னிரண்டு குழியிலும் தெளிவாக உறைந்திருந்தது.

"அத்தை, தட்டுல தண்ணி நீங்க ஊத்தினீங்களா?"

"நான் எதுக்கு ஊத்தறேன்? நான் தொடவேயில்ல. நீ ஊத்தல?"

அன்று ஒத்தடத்துக்குக் காலியான தட்டு. காலியாகவே உள்ளே வைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஃப்ரீசரின் குளிர்ப்புகை இருவர் முகத்திலும் படிந்தது. அவளுக்கு முதுகில் மயிர்க்கால் குத்திட்டது. ஓடிவிடலாம் போலிருந்தது.

அத்தைதான் கையை நீட்டித் தட்டை எடுத்தாள். "எம்புள்ள ஊத்தினதுதானே. என்ன பண்ணிடப் போகுது?" இரண்டு கையாலும் முறுக்கினாள். 'கறக்'.

மூன்று கோப்பை கலந்தார்கள். கடைசியாகச் சோடா. 'ஒரே ஒரு சுற்று, அதற்குமேல் கலக்காதே' என்றிருந்தது. ஒரே ஒரு சுற்று. ஒரு கோப்பையை மேடையில், ஈரத் தடம் விழும் அதே இடத்தில் வைத்தார்கள். அத்தை தன் கோப்பையில் ஒரு வாய் உறிஞ்சிவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இந்தக் கண்றாவிக்கா இத்தனை வருஷம் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன்?" என்றாள். இன்னொரு வாய் உறிஞ்சினாள். "புதினா நல்லாத்தான் இருக்கு."

அவளுக்கு அடக்கமாட்டாமல் சிரிப்பு வந்தது. அத்தையும் சிரித்தாள். மேடையில் இருந்த கோப்பையில் ஐஸ், ஐஸ் கரைகிற மாதிரியே கரைந்தது. வேறொன்றும் நடக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை இருவரும் ஐந்தே முக்காலுக்கே சமையலறைக்கு வந்துவிட்டார்கள். ஒருத்தியும் ஏன் வந்தோம் என்று சொல்லிக்கொள்ளவில்லை. ஆறு ஆயிற்று. ஆறே கால். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மேடை காய்ந்தே கிடந்தது. அத்தை உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்தாள்.

"போயிட்டானா?"

 ஆஸ்பத்திரியில் அழாதவள், அடக்கத்தின்போது அழாதவள் அவள்; இப்போது மேடையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். எந்தச் சத்தத்துக்குப் பயந்து நடுங்கினாளோ, அது இல்லாத வீடு அதைவிடப் பயமாக இருந்தது. கலந்து கொடுத்தது தப்போ, கொடுக்காமலே இருந்திருந்தால் வந்துகொண்டே இருந்திருப்பானோ என்று ஏதேதோ புலம்பினாள். அத்தை அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அன்று சாப்பிட்டு முடித்ததும் அத்தை தன் தலையணையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் அறைக்கு வந்து நின்றாள். அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

"விளக்கை அணைக்கட்டுமா?" என்றாள் அத்தை.

"அணைச்சுடுங்க."

"கதவு?"

அவள் கொஞ்ச நேரம் இருட்டில் வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறந்தே இருக்கட்டும் அத்தை."