அண்ணன் தாடி

தம்பி சலூன் வைத்த நாளிலிருந்து என் கன்னத்தில் வேறொருவன் கை வைத்ததில்லை. பக்கவாதம் வந்து அவன் வலது கை படுத்துவிட்டது. அன்று முதல் நான் தாடி வளர்க்கிறேன். "சாமியாராப் போகப் போறீங்களா?" என்கிறாள் என் மனைவி. தம்பிக்காக அதுவும் போகலாம்தான், எனக்கு இருப்பது ஒரே தம்பியாயிற்றே.

அந்தப் பயலோ என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கடையை விற்கத் தரகரிடம் சொல்லிவிட்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் அவன் தலையின் இடப்பக்கம் காந்தக் கருவியை வைத்து டக் டக்கென்று துடிக்க விடுவார்கள். வலது கை விரல் தானாகத் துள்ளும். அப்படி மூளையை உசுப்பிவிட்ட சூட்டோடு கையை வேலை வாங்க வேண்டுமாம். பிசியோதெரபிப் பெண் அவனுடைய நல்ல கை உதவிக்கு வராதபடி அதற்கு உறை மாட்டிவிட்டு, மரக்குச்சிகளை எடுத்துத் துளையில் செருகச் சொல்வாள். இவன் உர்ரென்று உட்கார்ந்திருப்பான்.

"சின்னப் பசங்க விளையாட்டும்மா இது. எனக்கு வேணாம்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்ச வேலையைச் செய்யுங்க. எனக்குக் கை அசைஞ்சாப் போதும்" என்றாள்.

மறுநாள் சோப்பு, பிரஷ், பிளேடு மாட்டாத கத்தி எல்லாம் பையில் போட்டுக்கொண்டு போனேன். காந்தம் முடிந்ததும் அவன் எதிரில் கன்னத்தைக் காட்டி உட்கார்ந்தேன்.

"உனக்கென்ன லூசாண்ணே?"

"பேசாம போடுடா."

பிரஷ் கீழே விழுந்தது. நான் குனிந்தேன். "அவரே எடுப்பார்!" என்று அதட்டினாள் அந்தப் பெண். தட்டுத் தடுமாறி அவனே எடுத்தான். நுரை மூக்கில், காதில், கண்ணில் எல்லாம் அப்பியது. உயிரே போனாலும் வாய் திறப்பதில்லை என்று இருந்தேன்.

பிறகு கத்தி. கோணலாக ஒரு இழுப்பு. தோலை இழுத்துப் பிடிக்க முடியாமல் அவனுடைய நல்ல கை உறைக்குள் கிடந்தது. நாக்கால் கன்னத்தை உப்பிக் கொடுத்தேன். இன்னொரு இழுப்பு. ஒரு பக்கம் முடிந்ததும், கத்தி பிடித்த கையின் பின்புறத்தால் என் தாடையைத் தள்ளி மறுபக்கம் திருப்பினான். கடையில் எப்போதும் செய்வதுதான். யாரும் சொல்லவில்லை, அவனும் கவனிக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தோள் குலுங்கியது.

"அசையாதண்ணே, வெட்டிடும்!"

கத்தியில் பிளேடே இல்லை. அதைக்கூட மறந்திருந்தான்.

நுரை போய்விட்டது, தாடி அப்படியே இருந்தது. அவன் என்னை உற்றுப் பார்த்தான்.

"கண்றாவியா இருக்க. கடையில வச்சு ஒழுங்கா வழிச்சு விடறேன். தரகர்கிட்ட வேணாம்னு சொல்லிடு."

"நீயே சொல்லுடா" என்று போனை அவன் வலது கையில் வைத்தேன்.