இருமினால் கண்ணைப் பார்

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற அவரிடம் கற்றவர்கள் யாரும் லைசென்ஸ் டெஸ்ட்டில் கோட்டை விட்டதில்லை. ரகசியம் அவர் தொண்டையில் இருந்தது. டெஸ்ட்டின்போது பின்சீட்டிலிருந்து அவர் ஒருமுறை இருமினால் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். இரண்டு என்றால் இண்டிகேட்டர்.

அதே வித்தையை ஒரு வாரமாகத் தன் ஏழு வயது மகளுக்கும் பழக்கிக்கொண்டிருந்தார். "வகுப்புல அடிக்கடி பெஞ்சுக்கு அடியில போய் உட்கார்ந்துக்கறா. ஆட்டிசமான்னு ஒரு தடவை பார்த்துடுங்களேன்" என்று டீச்சர் சொன்னதிலிருந்து மனுஷனுக்குத் தூக்கம் போயிற்று. அந்தப் பரிசோதனையில் அவளை எப்படியும் பாஸாக்கிவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டார்.

"ஒரு இருமல்?"

"கண்ணைப் பார்க்கணும்."

"ரெண்டு?"

"சிரிக்கணும்."

"பொண்ணுக்கு என்ன லைசென்ஸா வாங்கப் போறீங்க?" என்றாள் மனைவி. "நீங்க பாஸாக்கிட்டாலும், நாளைக்கும் அவ பெஞ்சுக்கு அடியிலதாங்க இருப்பா."

அவர் காதில் வாங்கவில்லை.

மதிப்பீட்டு அறையில் மரக்கட்டைகள், பொம்மை டீ செட், தலைக்கு மேலே மெல்ல இரையும் ட்யூப்லைட். உளவியல் நிபுணர் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எப்போது பேச ஆரம்பித்தாள், எதற்கு மிரளுவாள் என்று பெற்றோரைக் கேட்டார். மனைவி வாயைத் திறப்பதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

"எல்லாம் நார்மல் மேடம்."

விளையாட்டு ஆரம்பித்தது. இருமினார், மகள் நிபுணரின் கண்ணைப் பார்த்தாள். இரண்டு முறை இருமினார். பல் தெரியச் சிரித்தாள். சபாஷ்! அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் வினை வந்தது. ஏசி காற்று தொண்டையில் இறங்க, நிஜமான இருமல்! அடக்க அடக்கப் பீறிட்டது. மகள் பார்த்தாள், சிரித்தாள், பார்த்தாள், சிரித்தாள். உதடு நடுங்கியது. சட்டென்று காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

இன்னும் ஒரு பொய் சொன்னால் சமாளித்துவிடலாம். 'குழந்தைக்குத் தலைவலி மேடம்' என்பது நுனிநாக்கு வரை வந்துவிட்டது. மேசைக்கு அடியில் அந்தச் சின்ன முதுகு ஆடுவதைப் பார்த்தார். விழுங்கிவிட்டார்.

"மேடம்... அவ மேல தப்பில்ல. நான்தான் இருமிச் சொல்லிக் கொடுத்தேன்."

"தெரியும் சார். இருமல் மருந்து வாங்கிட்டு வரச் சொல்லலாமான்னு பார்த்துட்டிருந்தேன்" என்ற நிபுணர், மேசைக்கு அடியில் குனிந்தார். "குட்டி, இந்த ரூம்ல உனக்கு எது பிடிக்கல?"

"லைட்டு கத்துது."

நிபுணர் எழுந்து விளக்கை அணைத்தார். ஜன்னல் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. முதுகின் ஆட்டம் மெல்ல நின்றது.

"நம்ம வீட்லயும் கத்துமாடா?" என்று குனிந்து கேட்டார் அப்பா.

"ம். ஸ்கூல்லயும்."

இருட்டில் உட்கார்ந்து படிக்கிறாள் என்று அவளைத் திட்டிய மாலைகள் வரிசையாக அவர் முன் வந்து நின்றன.

"இதுல பாஸ், ஃபெயில் கிடையாது சார்" என்றார் நிபுணர். "அவ எப்படி இருக்காளோ அப்படியே பார்க்கணும். இன்னொரு நாள் கூட்டிட்டு வாங்க. டீச்சர்கிட்டயும் பேசிட்டு, அப்புறம்தான் ரிப்போர்ட்."

இடி மாதிரி விழும் என்று நினைத்திருந்த அந்தச் சொல் ரிப்போர்ட்டில் வந்தபோது, அது விழவில்லை. ஆட்டிசம். கூடவே, வகுப்பில் ஜன்னலோர இடம், சத்தம் குறைக்கும் ஹெட்போன் என்று டீச்சருக்கான குறிப்புகள்.

"ரொம்ப நன்றி மேடம். ஏழு வருஷமா எனக்குத் தெரியாததை அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிட்டீங்க."

"நான் எங்க கண்டுபிடிச்சேன்? அவதான் சொன்னா."

திரும்பும் வழியில் அவருக்குத் தொண்டை அரித்தது. வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, தள்ளிப் போய் நின்று ஆசை தீர இருமினார்.

பின்சீட்டில் மகள் தன்பாட்டுக்கு விரல்களை ஆட்டிக்கொண்டிருந்தாள்.