ஜக் பிளேற்

"கை வையாதை கிளிபோட்! அது அப்பிடியே தொங்கட்டும்."

சங்கிலியில் வைத்த கையைக் கிளிபோட் எடுத்துவிட்டான். யூஜினி கராஜ் வாசலில் நின்றாள். கல்லறைத் தோட்டத்து மண் அவளுடைய செருப்பில் இன்னும் ஒட்டியிருந்தது. புருஷனைப் புதைத்துவிட்டு வந்து அரை மணித்தியாலம்கூட ஆகவில்லை.

கராஜின் கூரை வளையிலிருந்து படகு எஞ்சின் தொங்கியது. அதைப் போன சனிக்கிழமை மத்தியானம் பஸ்ரியனும் அவருடைய தம்பி கிளிபோட்டும் மூச்சு வாங்க வாங்கத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். இன்று புதன்கிழமை. எஞ்சின் கழன்ற சிவப்புப் படகு ட்ரெயிலரில் கிடந்தது.

"சனம் வந்து போற இடம் மச்சாள். ஆற்றையும் தலையில விழுந்தாலும்..."

"விழாது. அவர் கட்டினது."

அண்ணன் போட்ட முடிச்சில் குறை சொல்ல அவனுக்கும் மனம் வரவில்லை. கழுத்துப்பட்டியைத் தளர்த்திக்கொண்டு கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்தான்.

வீட்டுக்குள்ளே கோயில் சனம் நிறைந்திருந்தது. நாலு நாளாக அடுப்பு மூட்டாத வீடு. யூஜினியின் சினேகிதி அன்ரனெற் தலைமையில் பெண்கள் சட்டி சட்டியாகச் சாப்பாடு கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். "யூஜினி, ஒரு வாயாவது வையும்" என்று அன்ரனெற்றும், "அம்மா, please" என்று மகள் றஜிதாவும் மாறி மாறிக் கெஞ்சியும் நாலு நாளாக யூஜினியின் தொண்டையில் இறங்கியது வெறும் தேத்தண்ணிதான். துக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். துக்கம்தான். ஆனால் அதற்குள் ஒரு முள் ஏறியிருந்தது ஒருவருக்கும் தெரியாது.

எல்லாம் இந்தப் படகால் வந்தது. எண்பத்தாறில் ஊரை விட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாலாம் மாடியில் குடியிருந்த காலத்தில் படகும் இல்லை, காரும் இல்லை. பல்கனியில் நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே பாய் அகலத்துக்கு ஏரி தெரியும். பிஸ்கற் தொழிற்சாலைச் சூட்டில் கிழமை முழுக்க நின்றுவிட்டு வரும் பஸ்ரியன் தேத்தண்ணிக் கோப்பையோடு அங்கேதான் போய் நிற்பார். குருநகர்க் கடலில் தொழில் செய்த மனிதர். "உதென்ன கடலடி, உப்புப் போட மறந்துபோனாங்கள்" என்பார். அவள் சிரிப்பாள். ஒரே பகிடியை ஏழு வருசம் சொன்னார், அவளும் ஏழு வருசம் சிரித்தாள். இருந்த காலங்களில் அதுதான் நல்ல காலம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

தொண்ணூற்று மூன்றில் ஸ்கார்புரோவில் இந்த வீட்டுக்கு வந்த கையோடு, ஒரு வெள்ளைக்காரக் கிழவரிடம் படகை வாங்கிக்கொண்டு வந்து இறக்கினார். பாஸ் மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கும் தட்டையான வேகப் படகு. உடம்பெல்லாம் சிவப்பு மினுக்கம், கூறைச்சேலை மாதிரி. "எனக்குக் கட்டினதைவிடத் திறமான சேலை" என்று யூஜினி சொன்னாள். அந்த முதல் கோடையில் சனிக்கிழமைகளில் ஸ்கூகொக் ஏரிக்கு அவளும் போவாள். வேகம் எடுக்கும்போது அவருடைய பெல்ற்றைப் பிடித்துக்கொண்டு கோயிலில் உள்ள எல்லா அர்ச்சியசிட்டவர்களையும் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அவர் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் முறுக்குவார்.

கோடை முடிய முதல் ஒருநாள், எதிர்க்கரை மர நிழலில் இருந்து சாப்பிடலாம் என்று கொண்டுபோனார். அந்த ஏரியில் தண்ணீர் குறைவு, பாசி அதிகம். கரைக்கு நெடுந்தூரம் இருக்கவே எஞ்சினின் காற்றாடி சேற்றில் இடித்தது. இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. சேலை முழங்கால் வரை நனைந்தது, ஒரு செருப்பைச் சேறு விழுங்கியது, கால் பிரண்டு முழங்கால் வீங்கியது. "இனி உங்கட போட்டில கால் வைச்சா என்னை யூஜினி எண்டு கூப்பிடாதேங்கோ" என்றாள். நாலு வருசம் சொல்லைக் காப்பாற்றினாள்.

பிறகு இந்தக் கோடை. போன வெள்ளிக்கிழமை அவர்களுடைய கலியாணத்துக்கு இருபத்தைந்து வருசம். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர் பஸ்ரியன் தொலைபேசியில் தம்பியோடு குசுகுசுப்பது அவள் காதில் விழுந்தது.

"ஓமடா, ஓடர் பண்ணியாச்சு. ஜக் பிளேற் வெள்ளிக்கு முதல் வந்திடும். மனிசியின்ர காதில போட்டிடாதை."

யூஜினிக்கு உச்சி குளிர்ந்தது. அந்த வீட்டில் ஐந்து பேர் சாப்பிட்டால் ஐந்து நிறத்தில் பிளேற். கடைத்தொகுதியில் நீலக்கரை போட்ட பிளேற்றுகளும் அதற்குத் தோதான ஜக்கும் அடுக்கிய ஒரு கண்ணாடிக்கு முன்னால் வருசக்கணக்காக நின்று பார்ப்பாள். அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார். மனிதர் கவனித்திருக்கிறார்! வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா? கோயிலில் பாதிப்பேருக்குச் சொல்லிவிட்டாள்.

பெட்டி வந்த அன்று அன்ரனெற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் பிரித்தாள். உள்ளே தடித்த அலுமினியத் தகடுகளும் ஒரு பை நிறைய போல்ற்றுகளும் இருந்தன.

"யூஜினி, உதில கறி விட்டா ஓட்டையால ஓடுமே" என்றாள் அன்ரனெற், கபடமில்லாமல்.

பஸ்ரியன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கார் தூக்குகிற ஜக் மாதிரி இது எஞ்சினைத் தூக்குகிற ஜக். படகின் பின்பலகையில் இந்தத் தகட்டைப் பூட்டி இதன்மேல் எஞ்சினை மாட்டினால் எஞ்சின் பின்னுக்கும் போகும், மேலுக்கும் ஏறும், தண்ணீரில் இழுவை குறைந்து படகு பறக்கும் என்று விளக்கினார். அவளுக்கு 'படகு' என்ற சொல்லுக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. வெள்ளிவிழாப் பூசைக்குப் பிறகு எடுத்த படத்தில் அவர் மட்டும்தான் சிரிக்கிறார்.

அடுத்தநாள் மத்தியானம் அவர் கிறீஸ் கையோடு குசினிக் கதவால் தலையை நீட்டினார்.

"பசிக்குதடி. சாப்பாடு போடன்."

"அதுதான் ஜக்கும் பிளேற்றும் வாங்கி வைச்சிருக்கிறியளே. போய் அதில போட்டுச் சாப்பிடுங்கோ."

அவர் சிரித்துக்கொண்டே போனார். முக்கால் மணித்தியாலத்தில் மாரடைப்பு. அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகமுதலே உயிர் போய்விட்டது.

சவப்பெட்டிக்குள் கிடந்தவரின் முகத்தை எல்லோரும் பார்த்தார்கள். அவள் கோட்டுக்குக் கீழே வயிற்றைப் பார்த்தாள். ஒட்டிப்போய்க் கிடந்தமாதிரி இருந்தது. பசிக்குது என்று கேட்ட மனிதரைப் பட்டினியாக அனுப்பிய கைக்கு இனி என்ன சாப்பாடு?

"கிளிபோட்."

"சொல்லுங்கோ மச்சாள்."

"மறைக்காமச் சொல்லு. அண்டைக்கு அவர் ஏதும் சாப்பிட்டவரோ?"

கிளிபோட் குனிந்தான். உதட்டோரத்தில் வந்த சிரிப்பைக் கையால் துடைத்தான்.

"சாப்பிட்டவர். என்ர மனிசி கட்டித் தந்த பாணும் கட்டைச் சம்பலும் இருந்தது. நீட்டினன். 'பொறடா, மேலிடத்து ஓடர், பிளேற்றிலதான் சாப்பிட வேணும்' எண்டு உந்தத் தகட்டைத் தூக்கி மடியில வைச்சிட்டார். நாலு துண்டு. சம்பல் ஓட்டையால காச்சட்டையில விழுது, சிரிக்கிறார். 'ஜக் ஒண்டும் வாங்கியிருக்கலாம், அவள் சொன்னது சரிதான்' எண்டார்."

"உதை ஏன் எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"செத்தவீட்டில சிரிச்ச கதையை எப்பிடி மச்சாள் சொல்றது?"

யூஜினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நாலு நாளில் முதல்முறையாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது. அழுகையும் கூடவே வந்தது. கிளிபோட் எழும்பி வாளியை அவளுக்கு நகர்த்தினான்.

"உந்தப் பிளேற் வேகத்துக்கெண்டோ நினைச்சனீங்கள்? வேகம் உங்களுக்குச் சொன்ன சாட்டு. எஞ்சினை அரை அடி உயர்த்தினா முழங்கால் தண்ணியிலயும் ஓடும். கரையோட கொண்டுபோய் முட்டலாம். 'அவளின்ர கால் நனையாம இறக்கிக் காட்டுறன் பார்' எண்டார். ஞாயித்துக்கிழமை உங்களைக் கொண்டுபோக இருந்தவர்."

தகடு சுவரோடு சாய்ந்திருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஒரு மூலையில் சம்பல் காய்ந்து சிவப்பாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் கிறீஸ் விரல் அடையாளம்.

"றஜிதா!" என்று வீட்டுப்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "பாண் இருந்தாக் கொண்டா. சம்பலும்."

றஜிதா கடதாசிப் பிளேற்றில் கொண்டு ஓடிவந்தாள். அம்மா பாணை எடுத்து அலுமினியத் தகட்டுக்கு மாற்றுவதைப் பார்த்து வாயைத் திறந்தாள். சித்தப்பா வேண்டாம் என்று தலையை அசைத்தான்.

யூஜினி வாளியில் உட்கார்ந்து தகட்டை மடியில் வைத்தாள். முதல் துண்டு தொண்டையில் நின்று, பிறகு இறங்கியது.

"நான் சாப்பிட்டு முடியத் தாறன்" என்றாள். "உதைப் பூட்டிப்போட்டு எஞ்சினை இறக்கு."

"ஓம் மச்சாள்."

இரண்டாவது துண்டைப் பிய்த்தபோது கொஞ்சம் சம்பல் ஓட்டையால் நழுவி அவளுடைய கறுப்புச் சேலையில் விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடவில்லை.