கிணற்றின் மேல் பார்க்கிங்

செம்பாக்கத்தில் எங்கள் தெருவில், மே மாதம் லாரித் தண்ணீர் வாங்காத ஒரே அப்பார்ட்மென்ட் எங்களுடையதுதான். பின்பக்கம் சிமெண்ட் போடாத மண் தரை கிடக்கிறது. அதன் நடுவில் ஒரு கிணறு. பெய்கிற மழையை மண் குடித்துக் கிணற்றுக்குக் கொடுக்கிறது. இதில் யாருக்கும் ஒரு வேலையும் இல்லை, செலவும் இல்லை. அதுதான் எங்கள் செயலாளர் கேசவன் சாரின் கண்ணை உறுத்தியது.

கணக்கில் அவர் புலி. மண் சும்மா கிடக்கிறது என்று கூட்டம் போட்டார். கிணற்றை மூடி, கான்கிரீட் போட்டு, அக்கம்பக்கத்துக்காரர்கள் கார் நிறுத்த வாடகைக்கு விடலாமாம். தண்ணீருக்கு எங்கே போவது என்று கேட்டேன்.

"வர்ற வாடகையில லாரித் தண்ணி வாங்கிக்கலாம் டீச்சர்."

எல்லோரும் கை தட்டினார்கள். இருக்கிற தண்ணீரை மூடிவிட்டு, மூடிய இடத்து வாடகையில் தண்ணீர் வாங்குவதற்குப் பெயர் லாபமாம்! போதாததற்கு, நிலத்தின் வருமானம் வாடகை என்று பிளஸ் ஒன்னுக்குப் பொருளாதாரப் பாடம் எடுப்பதே நீங்கள்தானே என்று என்னையே மடக்கினார். எடுக்கிறேன்தான். அந்தப் பாடத்தில் மழையைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதற்காக மழை பெய்யாமலா இருக்கிறது? தீர்மானத்தில் என்னைத் தவிர எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

சனிக்கிழமை காலை கலவை லாரி வந்து நின்றது. நைட்டி மேல் துண்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலியோடு போய்க் கிணற்றை ஒட்டி உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா சார், கலவை ரெடியா கீது. அம்மாவ எழுந்துக்கச் சொல்லு" என்றார் டிரைவர்.

கேசவன் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "பன்னெண்டு வீட்ல ஒரு பங்குதான் உங்களுது மெட்டில்டா டீச்சர். அது எதுன்னு காட்டுங்க. அதை விட்டுட்டுப் போட்டுக்கறோம்."

கோபத்தில் பத்திரத்தை மறந்துவிட்டார். வீடுகள்தான் தனித்தனி. அடியில் இருக்கும் மண் யாருக்கும் பிரித்துக் கொடுக்கப்படவில்லை.

"காட்ட முடியாது சார். பிரிக்காத பங்கு. இந்த மண்ல எங்க கை வச்சாலும் அதுல நான் இருக்கேன். கிணத்துல எந்த வாளியத் தூக்கினாலும் இருக்கேன். என்னைக் கேக்காம ஒரு சட்டி கலவை இங்க விழக் கூடாது."

கேஸு கீஸு என்றால் தன்னால் ஆகாது என்று டிரைவர் வண்டியில் ஏறினார். கலவை இறுகிப்போனால் நஷ்டத்தை யார் கொடுப்பது என்று கேசவன் சார் கத்தினார்.

"கிணத்தை மூடலாம்னு சொன்னப்ப இந்த நஷ்டம்ங்கிற வார்த்தை எங்க சார் போச்சு?"

"எத்தனை நாள் இப்படியே உக்காந்திருப்பீங்க?"

"ஸ்கூல் ஜூன்லதான் சார் திறக்கறாங்க."

லாரி பின்னால் நகர ஆரம்பித்தது. நான் நாற்காலியைக் கிணற்றுப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.