சாட்சி சொன்ன தூங்குமூஞ்சி மரம்

ஜின்தனா அக்கா மாதிரி மரம் தெரிந்த ஆள் எங்கள் ஊர் நோங் புவாவில் இன்னொருவர் இருந்தால் காட்டுங்கள், நான் லாரி ஓட்டுவதையே விட்டுவிடுகிறேன். முதலில் நாற்றுப் பண்ணையில் செடி வளர்த்தாள். பிறகு நகராட்சியில் சேர்ந்து சாலை மரங்களுக்கு வைத்தியம் பார்த்தாள். கடைசியில் எங்கள் மின்சார அலுவலகத்துக்கு வந்து, கம்பியில் உரசும் கிளைகளை வெட்டும் எங்களுக்கு மேஸ்திரியானாள். மூன்று இடத்திலும் ஒப்பந்தக் கூலிதான். இந்த வருஷம் ஒரு நிரந்தர இடம் காலியானது. அடுத்த வருஷம் அக்காவுக்கு வயது தாண்டிவிடும். இதை விட்டால் அவ்வளவுதான்.

அதற்கும் ஒரு முட்டுக்கட்டை. பத்து வருஷமாவது விடாமல் பழகிய ஒருவர் அவளுக்காகச் சாட்சி சொல்ல வேண்டுமாம். எங்கள் அதிகாரி மானோப், கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு விதியைப் படித்தார்.

"சாட்சி சொன்னவர் சம்பந்தப்பட்ட எந்த விவகாரத்திலயும் நீயோ உன் கீழ இருக்கறவங்களோ அப்புறம் கை வைக்கக் கூடாது. அதையும் கேட்டுக்கோ."

"முதல்ல சாட்சிக்கு எங்க போறது சார்?" என்றாள் அக்கா. " பண்ணைக்காரர் செத்துட்டார். நகராட்சியில தலைவர் மேல தலைவர் மாறிட்டாங்க. இங்க வந்து நாலு வருஷம்தான் ஆச்சு."

"கிளைக்குக் கிளை தாவினா இப்படித்தான்" என்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போய் அந்தச் சந்தை மரத்தை முதல்ல முடி. காத்தடிச்சா கரண்ட் போவுது, மீன்காரிங்க ஐஸ் உருகுதுன்னு என் உயிரை வாங்கறாளுக."

சந்தை மரம் ஒரு தூங்குமூஞ்சி. பண்ணையில் இருந்தபோது அதைப் பையில் வளர்த்து, கொண்டுவந்து நட்டதே அக்காதான். நகராட்சியில் இருந்தபோது அதன் அடிமரத்தில் புழு வைக்க, சுரண்டி மருந்து போட்டதும் அவள்தான். அன்று அதன் கீழே வெகுநேரம் நின்றாள். பிறகு பையைத் துழாவி மஞ்சள் ரிப்பன் ஒன்றைக் கட்டினாள். பண்ணையில் 'இது என் கன்று' என்பதற்கு அடையாளம் அது. அதன் மேல் பச்சை கட்டினாள், நகராட்சியில் 'வைத்தியத்தில் இருக்கிறது' என்று அர்த்தம். அதற்கும் மேல் எங்கள் சிவப்பு. வெட்டு என்று அர்த்தம். நான் வெள்ளைப் பெயிண்டில் மரத்தின் எண் 47 என்று எழுதினேன்.

எங்கள் ஊரில் ஒரு மரத்துக்கு மூன்று நிறத் துணி கட்டினால் என்ன ஆகும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் அன்று புத்தி எங்கே போயிற்றோ! மறுநாள் மரத்தடியில் ஊதுபத்தி, உறிஞ்சுகுழல் போட்ட சிவப்பு சோடா, பட்டுப் பாவாடை, காணிக்கையாக ஏழெட்டு வரிக்குதிரை பொம்மை. மூன்று நிறம் சேர்ந்தால் அது சாமி மரம்; அதில் ஓர் அம்மா குடியேறிவிட்டாள். போதாததற்கு அந்த வாரமே லாட்டரியில் கடைசி இரண்டு எண் 47 விழுந்து தொலைத்தது.

அதன் பிறகு லாரியைக் கிட்டே விடுவார்களா? இரண்டு முறை போய்த் திட்டு வாங்கித் திரும்பினோம். மூன்றாம் முறை மானோப்பே வந்தார், புதுச் சட்டையும் புதுக் கடிகாரமுமாக. அவரும் 47 வாங்கியிருந்தார் என்பது ஊருக்கே தெரியும்.

வாழைப்பழம் சுட்டு விற்கும் லம்துவான் அத்தைக்கு அப்போது அருள் வந்துவிட்டது. இடுக்கியும் கையுமாக ஆடினாள்.

"எவன்டா என் தலையில கை வைக்க வந்தவன்?"

மானோப் பொத்தென்று முட்டி போட்டார். அக்கா ரம்பத்தோடு நின்றாள்.

"நான்தான் அம்மா. கம்பியில உரசற கிளையை மட்டும்."

"நீ யாரு? என்ன வேலை பாத்திருக்க? சொல்லு!"

நிரந்தர வேலைக்கான நேர்காணலில்கூட அக்காவை யாரும் இதைக் கேட்டதில்லை. வெடித்துவிட்டாள்.

"நான் யாரா? உன்னைப் பையில வச்சு வளர்த்தவ! இந்தக் குழிய வெட்டி நட்டவ! உன் இடுப்புல புழு வச்சப்ப ராவும் பகலும் மருந்து போட்டவ! பதினெட்டு வருஷம்! இன்னிக்கு உன்னை வெட்டறவளும் நான்தான். இவ்வளவு செஞ்சும் எனக்குச் சாட்சி சொல்ல ஒரு நாதி இல்ல, தெரியுமா?"

சொல்லிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.  அத்தையின் ஆட்டம் நின்றது.

"நான் சொல்றேன்" என்றாள் அத்தை. "பதினெட்டு வருஷமா இவளை எனக்குத் தெரியும். நல்ல பொண்ணு. எழுதுடா மானோப்!"

"அம்மா, கையெழுத்து..." என்று இழுத்தார் அவர்.

"அந்தக் கடிகாரம் யார் குடுத்தது?"

சந்தையே மானோப்பைப் பார்த்தது. அக்கா பையிலிருந்து நீட்டிய விண்ணப்பத் தாளை மரப்பட்டையில் வைத்துச் சாட்சி என்ற இடத்தில் மரத்தின் பெயரை எழுதினார், கீழே தானும் கையெழுத்துப் போட்டார். அக்கா மேலே ஏறி, கம்பியில் உரசும் கிளைகளை, அவை மரத்தோடு சேரும் கழுத்தோரம் பார்த்துப் பார்த்து எடுத்தாள். ஒருவரும் தடுக்கவில்லை.

வேலை நிரந்தரமானது. எண்ணி இரண்டே மாதம், மேலிடத்து உத்தரவோடு மானோப் வந்தார். லாட்டரிக் கூட்டத்தால் சாலை அடைபடுகிறதாம், கிளை மறுபடி கம்பிக்கு வருகிறதாம், மரத்தை வேரோடு எடுக்க வேண்டுமாம்.

"முடியாது சார்" என்றாள் அக்கா. "எனக்குச் சாட்சி சொன்னவங்க விவகாரம். நானோ என் ஆளுங்களோ கை வைக்கக் கூடாது. நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க?"

"அது மரம்மா!"

"மரம்னா சாட்சி செல்லாது. சாட்சி செல்லலைன்னா என் வேலை செல்லாது. அப்புறம் கையெழுத்துப் போட்ட உங்களைத்தானே கூப்பிட்டுக் கேப்பாங்க?"

மானோப் கடிகாரத்தைத் தடவினார். யோசித்தார். கடைசியில் கம்பங்கள்தான் நகர்ந்தன, சாலைக்கு மறுபக்கம்.

கம்பி இழுத்து முடித்த அன்று அக்கா ஒரு சிவப்பு சோடா வாங்கி, குழல் போட்டு வேரடியில் வைத்தாள். பிறகு எட்டி, சிவப்பு ரிப்பனை மட்டும் அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டாள். மஞ்சளும் பச்சையும் அப்படியே இருந்தன.

"அக்கா, ரெண்டு நிறம் இருந்தா சாமிக் கணக்குல வராதே" என்றேன்.

"சாமியா இருக்க வேண்டாம்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சவங்கன்னு இருந்தா போதும். லாரியை எடு."