கல் தட்டினால் வரும் மீன்

கருத்தப்பாண்டிக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டும். அதையும் ராம்கியின் வாயாலேயே கேட்க வேண்டும். அதற்காகத்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் வெயிலோடு வெயிலாக நின்றுகொண்டிருந்தான்.

இருவருக்கும் ஊர் சோழபுரம். கிணற்றில் விழுந்த மோட்டாரை முங்கி எடுப்பதில் கில்லாடிகள். அந்தமானில் ஒரு கடைக்கோடித் தீவில், சுற்றுலாக்காரர்களைக் கடலடிக்குக் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டும் வேலை கருத்தப்பாண்டிக்குத்தான் முதலில் கிடைத்தது. மறு வருஷமே முதலாளியின் கையைக் காலைப் பிடித்து ராம்கியையும் சேர்த்துவிட்டான். நட்பென்றால் அப்படி ஒரு நட்பு.

அங்கே ஒரு பாறைப் பொந்தில் களவா மீன் ஒன்று இருந்தது. ஆள் பருமன். உதட்டில் தூண்டில் கிழித்த வடு. மனுச நிழல் பட்டாலே உள்ளே போய்விடும். கருத்தப்பாண்டி விடவில்லை. ஊரில், கலங்கிய கிணற்றில் முங்குகிறவன் கல்லோடு கல்லைத் தட்டுவான். 'நான் இருக்கேன், பயப்படாதே' என்று கூட முங்கியவனுக்குச் சொல்கிற சத்தம் அது. உயிர் சம்பந்தப்பட்ட காரியம் என்பதால் விளையாட்டுக்குக்கூட யாரும் பொய்யாகத் தட்டமாட்டார்கள். அதே மாதிரி பொந்து வாசலில் தட்டித் தட்டி, கணவாய் மீன் துண்டைக் காட்டிக் காட்டி, களவாவைக் கைக்கு வரவைத்தான். கன்றுக்குட்டி மாதிரி தாடையைச் சொறியக் கொடுக்கும். அந்த விஷயத்தை ராம்கி ஒருத்தனிடம்தான் சொன்னான், வெளியே விடமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு.

லீவில் ஊருக்கு வந்து, தங்கச்சி கல்யாணத்துக்கு ராஜபாளையத்தில் ஜவுளி எடுத்துக்கொண்டிருந்தபோது, தீவில் கூட வேலை பார்க்கிற ஒருவனிடமிருந்து செல்போனுக்கு ஒரு படம் வந்தது. படகில் எவனோ ஒரு பணக்காரன், கையில் ஈட்டித் துப்பாக்கி, காலடியில் களவா. உதட்டில் அதே வடு. கடைக்காரர் விரித்துப்போட்ட சேலை ஒன்றும் அதற்குப் பிறகு அவன் கண்ணில் படவில்லை. ராம்கிக்குப் போன் அடித்தால் எடுக்கவில்லை. அக்கா வீட்டுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறான் என்று அவன் அம்மா முனீஸ்வரி சொன்னாள்.

பஸ்ஸை விட்டு இறங்கிய ராம்கி இவனைப் பார்த்துச் சிரித்தான். கருத்தப்பாண்டி சிரிக்கவில்லை. இருந்தாலும் பாழாய்ப்போன மனசு, நான் இல்லையென்று சொல்லிவிடேன் என்று உள்ளுக்குள் கெஞ்சியது.

"ஏலே, அந்த ஆள நீயா கூட்டிட்டுப் போன?"

ராம்கி சுற்றி வளைத்தான். வேறு எவனாவது காட்டியிருப்பான் என்றான். பிறகு, முதலாளி தன்னை மேனேஜராக்குவதாகச் சொன்னார் என்றான். கடைசியில், ஒரு மீனுக்காகவா இப்படி மூஞ்சியைத் தூக்கி வைத்திருக்கிறாய் என்று இவன் மேலேயே பாய்ந்தான்.

"பொந்துக்குள்ள இருக்கிறத எவனாலயும் சுட முடியாது. எப்படி வெளிய வந்துச்சு?"

ராம்கி தரையைப் பார்த்தான்.

"கல்லைத் தட்டினேன்."

கருத்தப்பாண்டி கையை ஓங்கினான். அடிக்க மனசு வரவில்லை. அடித்தால் கணக்குத் தீர்ந்துவிடும், தீர்க்கிற கணக்கா அது?

"நான்னு நெனச்சுத்தான வந்திருக்கும்."

"ஆமா மாப்ள. ஈட்டி பாய்ஞ்ச பொறவும் ஓடல. என் கைக்குள்ளதான் வந்து ஒண்டுச்சு."

கருத்தப்பாண்டி ராஜபாளையம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். செத்துப்போன அந்த மீனுக்கு ராம்கியைத் தெரியாது, தன்னைத்தான் தெரியும் என்ற நினைப்பு பஸ் கிளம்பிய பிறகும் அவனை விடவில்லை.